உப்பளத்தில் ஒரு புது அம்மன்

உப்பளம் பகுதியில் ஒரு டீக்கடை வாசலில் நிற்கிறேன். எதிரே காலி மனையைச் சமப்படுத்த ஜேசிபி வந்திருக்கிறது. மனை ஓரத்து மணலில் நரிப்பயறுக் கொடி படர்ந்து கிடக்கிறது. அதன் நடுவே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த செங்கல் ஒன்று.

பக்கத்தில் டீ குடிக்கும் தாவரவியல் ஆசிரியை மெல்லச் சொல்கிறார்: "நான்தான் சார் காலையில வெச்சேன். இந்தக் கொடி உளுந்து, பச்சைப்பயறுக்கெல்லாம் காட்டுச் சொந்தம். தண்ணி ஊத்தாமலே காய்க்கும். டவுனுல வேற எங்கயும் நான் பாக்கல. செடியக் காப்பாத்துங்கன்னு கேட்டேன், மனைக்காரர் சிரிச்சாரு."

ஜேசிபி செங்கல்லுக்கு முன்னால் நின்றுவிடுகிறது. டிரைவர் இறங்கிச் செருப்பைக் கழற்றுகிறார்.

"இது எந்தச் சாமி, அக்கா?" என்று எங்களைப் பார்த்துக் கத்துகிறார்.

"நரிப்பயறு அம்மன்!" ஆசிரியை கண் இமைக்கவில்லை.

டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். கொடியைச் சுற்றி வளைத்துப் போய் மற்ற இடத்தையெல்லாம் சமப்படுத்துகிறார். வேலை முடிந்ததும் எங்களிடம் வந்து கை நீட்டுகிறார்: "பிரசாதம் குடுங்கக்கா."

ஆசிரியை ரோட்டைக் கடந்து போய், கொடியில் காய்ந்த நெற்றுகளைப் பறித்து வந்து கொடுக்கிறார். "வீட்டாண்ட மணல்ல தூவிடுங்க. யாரும் மிதிக்காம பாத்துக்குங்க."

டிரைவர் நெற்றுகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். அவர் வீடு தேங்காய்த்திட்டிலாம். அம்மன் அங்கேயும் குடியேறப் போகிறாள்.