அய்யா பேர் கேட்ட மெஹர் அக்கா

போன செவ்வாய் காலை, வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் செவிலியர் குழுவில் ஒரே வரி: ‘மெஹர் அக்கா மவுத்தாயிட்டாங்க.’ ஊசியைப் போட்டு முடித்துவிட்டுத்தான் அழுதேன். பாதியில் விட்டிருந்தால் அவருக்குப் பிடித்திருக்காது.

கீழக்கரை மெஹருன்னிசாவை அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் தெரியும். சிரிப்பு குறைவு, வாய்க் காரம் அதிகம். நான் செய்யவிருந்த ஒரு பெரிய தவறை அவர் தடுத்தார். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மத்தியானம். காரங்காட்டில் படகு சவாரி போன இடத்தில் மயங்கிய ஒரு பெண்ணைப் படகுக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். கூடவே ஓர் இளைஞன். அவளுக்குக் கால் நிற்கவில்லை, நாக்கு குழறியது. வாயில் லேசாகச் சாராய வாடை. ‘குடிபோதை’ என்று சீட்டில் எழுதிவிட்டேன்.

“என் தங்கச்சிதான் சிஸ்டர். வெளிய தெரிஞ்சா அசிங்கம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றான். எனக்கும் அவள் மேல்தான் கோபம். கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினேன்.

அக்கா குறுக்கே வந்தார். “இரு தம்பி. ஒங்க அய்யா பேரு என்ன?”

“முருகேசன்.”

அக்கா குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார். “தாயி, ஒங்க அய்யா பேரு என்ன?”

அவள் வாய் திறப்பதற்குள் அவன் அவளைத் தோளோடு தூக்கப் பார்த்தான். அக்கா அவன் கையைத் தட்டிவிட்டு மறுபடி கேட்டார்.

“கருப்பையா” என்றாள்.

அண்ணன் தங்கைக்கு வேறு வேறு அப்பாவா என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். “வாட்ச்மேன், கேட்டைச் சாத்துங்க!” என்று அக்கா போட்ட சத்தத்தில் அவன் ஓடினான். வாசலில் ஆட்டோக்காரர்கள் மடக்கிவிட்டார்கள்.

“லேட்டானா, கலந்து குடுத்தது ஒடம்புல நிக்காது” என்று டாக்டரை அவசரப்படுத்தி ரத்தமும் சிறுநீரும் எடுக்க வைத்தார். போலீசுக்குச் சொன்னார். அவள் அம்மாவை வரவழைத்தார்.

தெளிந்ததும் அவள், “நான் குடிக்கலக்கா. கூட வேலை பாக்குறவன், ஜூஸுன்னுதான் குடுத்தான்” என்று அழுதாள்.

“தெரியும்த்தா. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல.” அம்மா வரும்வரை அவள் கையை அக்கா விடவில்லை. பிறகு என்னிடம் வந்து சீட்டை நீட்டினார். நான் எழுதியதை என் கையாலேயே கோடு போட்டு அடிக்க வைத்தார். “மூக்க வச்சுச் சீட்டு எழுதாதடி” என்றார்.

இன்றைக்கும் அண்ணன், மாமா என்று யார் வந்து நின்றாலும் அய்யா பேரைக் கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை. அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்விதான்.

அக்கா உடலைப் பார்க்கப் போன மையத்து வீட்டில் ஒரு பெண் உள்ளே போகத் தயங்கி நின்று அழுதாள். அன்று ஆட்டோவில் வந்தவள்தான்; முகத்தை உடனே கண்டுகொண்டேன். அவளுக்கு என்னை நினைவில்லை. “நீ யாரும்மா?” என்று யாரோ கேட்டார்கள்.

“அக்காவோட தங்கச்சி” என்றாள்.

அவளிடம் நான் அய்யா பேரைக் கேட்கவில்லை. நகர்ந்து வழிவிட்டேன்.