தங்கச்சியின் இருபத்து நான்கு ஜீபி

என் தங்கை சுலக்ஷனா சாஃப்ட்வேர் எழுதுகிறவள். ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அடுத்த தரிப்பிடத்தில் அவர்கள் வேறு ஆசனம் தேடிப் போனால், அது என் குற்றமல்ல என்று நினைத்துக்கொள்வேன்.

நான் ஓ.எல். வரைக்கும் படித்தவன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற வேலை. தராசில் காட்டும் எண்ணை இரண்டு தடவை பார்த்துத்தான் எழுதுவேன். சாக்குக்கும் இலையில் உள்ள ஈரத்துக்குமாக ஆளுக்கு இரண்டு கிலோ கழிப்பதும் நான்தான். "வெயில் காலத்துலயும் ஈரமா தம்பி?" என்று கொழுந்து பறிக்கிற காளியாயி அக்கா கேட்பார். மேலிடத்து உத்தரவு என்று சொல்லிவிட்டு அடுத்த சாக்கைத் தூக்கி வைக்கச் சொல்வேன்.

சுலக்ஷனா வேறு மாதிரி. பாதிப் படிப்பை சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரத்தில் அரிசி டின்மேல் உட்கார்ந்து படித்தாள். இப்போது ஒரு பழைய லெப்டொப் இருக்கிறது. வேலை செய்யும்போது அதோடு பேசுவாள். "எழும்பு, எழும்பு" என்று கெஞ்சுவாள். அது எழும்பினால்தான் தேநீரைக் கையில் எடுப்பாள். அதற்குள் தேநீர் ஆறியிருக்கும்.

கொழும்பில் ஒரு கம்பனி அவளுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை வைத்தது. தேறினால் வீட்டிலிருந்தே வேலை. தன் லெப்டொப்பில் மூன்று வேர்ச்சுவல் மெஷின்களை ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். அவர்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவளுடைய மெஷினில் இரண்டாவது எழும்பும்போதே மவுஸ்கூட அசையாமல் நின்றுவிடும்.

"அது என்னா மெஷின்?" என்றேன்.

"கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர், அண்ணே. நம்ம காம்பரா ஒரே அறைதானே, அதைத் தட்டி வச்சு மறைச்சு மூனு குடும்பத்தை வச்சா எப்படி? தூங்குனாலும் அவங்கவங்க எடத்தைப் புடிச்சுக்கிட்டுத்தானே இருப்பாங்க? அந்த எடந்தான் மெமரி."

இது எனக்கு உடனே விளங்கியது. ஒரு மெஷினுக்கு நாலு ஜீபி, மூன்றுக்குப் பன்னிரண்டு. விண்டோஸுக்கும் அவள் எழுதும் சாமானுக்கும் பிரவுசருக்கும் எட்டு. மொத்தம் இருபது. லெப்டொப்பில் பலகையோடு ஒட்டியே எட்டு இருக்கிறது, ஒரு வெற்று இடமும் இருக்கிறது.

"அப்ப இன்னொரு எட்டு போடு. ஜோடியா இருக்கும்" என்றேன்.

"பதினாறுதான் வரும். நான் இருபது கேக்குறேன். கணக்குப் பாஸானவர்னு சொன்னாங்க?"

அடுத்த நாள் அவள் எழுதித் தந்த துண்டுடன் ஹட்டனில் ரிஸ்வி நானாவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். நானா துண்டை வாசித்தார்.

"டீடீஆர் ஃபோர் மெமரி, லெப்டொப் சைஸ், பதினாறு. சரியா எழுதியிருக்கு. ஃபைவ்வை வாங்கிட்டுப் போயி சுத்தியலால அடிச்ச ஆளுங்க இருக்காங்க தம்பி. வெட்டு வேற எடத்துல இருக்கும், உள்ள போகாது."

"எட்டும் பதினாறும் ஜோடி சேராதே நானா?"

"ஜோடின்னா கொஞ்சம் வேகம். ஆனா எடம் பத்தலைன்னா எல்லாம் டிஸ்க்குக்குப் போயிரும், அப்பறம் நத்தை மாதிரிதான். தங்கச்சி சொன்னதைச் செய்ங்க."

வெள்ளிக்கிழமை காலை அவள் திருகாணிகளைக் கழற்றி அதைப் பொருத்தினாள். மூன்று மெஷின்களும் எழும்பின. அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு அவள் கிளம்பியதும், நான் திரையைச் சரிபார்த்தேன். சரிபார்க்காமல் எந்தப் பொருளையும் வாங்கியதில்லை நான். மெமரி இருபத்து நாலு என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் பாவிக்கக்கூடியது 23.3 என்று இருந்தது.

இரண்டு தடவை பார்த்தேன். புள்ளி ஏழு குறைகிறது. கழித்துவிட்டார்கள்.

வருஷக்கணக்காகக் கழிக்கிற எனக்கு, கழிவு என்றால் என்னவென்று அன்றுதான் உறைத்தது. ரத்தம் கொதித்தது. லெப்டொப்பை நிறுத்தி, திருகாணிகளைக் கழற்றி ஒரு தட்டில் வரிசையாக வைத்து, மெமரியைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நானா கைக்குட்டையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "உறையில்லாம இப்படியா கொண்டாருவீங்க?"

"புள்ளி ஏழு எங்க போச்சு நானா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார். "சாக்குக்குப் புடிச்சதுன்னு நெனைச்சீங்களா? அது திரைக்குப் படம் காட்டுறதுக்கு லெப்டொப்பே ஒதுக்கி வைக்கிற எடம் தம்பி. எந்தக் கடையில வாங்குனாலும் ஒதுக்கும்."

அப்போது போன் அடித்தது.

"அண்ணே, லெப்டொப்பைத் திறந்தது யாரு?"

"நான்தான்மா. நிறை குறைஞ்சுச்சு."

"முந்தி எட்டு இருந்தப்பவும் அதே அளவு குறைஞ்சுதான் இருந்துச்சு. அப்ப ஒரு வருஷமா பாக்கலையா? நாளைக்குப் பத்து மணிக்குப் பரீட்சை. மொதல்ல வாங்க."

நானா ஒரு பிளாஸ்டிக் உறையில் அதைப் போட்டுத் தந்தார். வழியில் மண் சரிந்து பஸ் ஒரு மணி நேரம் நின்றது. உறையைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று பக்கத்து ஆளிடம் தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நானே பொருத்துகிறேன் என்றேன். அவள் கையை மட்டும் நீட்டினாள். கொடுத்தேன். பொருத்திப் பட்டனை அழுத்தினாள். திரை கறுப்பாகவே நின்றது. ரிஸ்வி நானா தலையில் கை வைத்தது ஞாபகம் வந்தது. கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவள் திரும்பக் கழற்றி, மெமரியின் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, சரித்துச் செருகி அமுக்கினாள். டக் என்று ஒரு சத்தம் கேட்டது. "உங்க கை வேர்வை" என்றாள். திரை வெளிச்சமானது.

சனிக்கிழமை என்னை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். பத்திலிருந்து பதினொன்றரை வரைக்கும் உள்ளேயிருந்து இங்கிலீஷ் கேட்டது. ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒரு தடவைகூட அவள் மெஷினிடம் கெஞ்சவில்லை.

கதவைத் திறந்தாள். "மூனும் கடைசி வரைக்கும் ஓடிச்சு. ஒன்னாந்தேதியிலருந்து வேலைக்கு எடுத்துட்டாங்க."

லெப்டொப்பை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன்.

"அண்ணே, இனி இது வேலைச் சாமான். என்கிட்ட கேட்டுட்டுத் தொடுங்க."

"சரிங்க மேடம்" என்றேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. இரண்டு அடி பின்னால் தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன்.