வெள்ளிக்கிழமைக் கிளி

பென்னலூர் ரகுபதிக்குச் சாமி, சகுனம் என்றாலே நக்கல்தான். ஒரகடத்துக் கார் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் ராகுகாலம் பார்க்கிறவர் யாராவது மாட்டினால் இறங்கும்வரை விடமாட்டான். எதையும் அறிவால் எடைபோட வேண்டும் என்பான். அப்படிப்பட்டவன்தான், மனைவி ஜோதி தையல் மிஷினுக்கென்று சேர்த்த பணத்தை எடுத்து ஒரு படம் வாங்கினான். கறுப்புக் கண்ணாடி போட்ட கிளி. காகிதத்தில்கூட இல்லை, போனுக்குள்; ஆன்லைனிலேயே வாங்கி விற்கிற படம். படத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சொந்தக்காரன் இவன் ஒருத்தன்தானாம். விலை ஏறிக்கொண்டே போகும் என்று விளக்கினான். ஜோதி சண்டை போடவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருத்தியின் மிஷினில் போய்த் தைத்து வந்தாள். அதுதான் அவனை உறுத்தியது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது, கிளியை மூன்று மடங்கு விலைக்கு ஒருவன் ஆன்லைனில் கேட்டான். அன்றைக்கே முடிக்க வேண்டும். அதற்கு ஜோதியின் போனுக்கு வரும் ஓடிபி தேவை, கணக்கு அவள் நம்பரில் இருந்தது. மிஷினே வந்துவிட்ட மாதிரி குதூகலத்தோடு அவளைக் கூப்பிட்டான்.

“வெளக்கு வெச்சிட்டேன். வெள்ளிக்கெழம வூட்ல இருந்து எதையும் வெளிய தர மாட்டேன். காலைல தரேன்,” என்றாள்.

“அது வெறும் படம் ஜோதி. உப்பா, தயிரா?”

“வெறும் படம்னா என் மிஷின் காச இன்னாத்துக்கு அதுல போட்ட?”

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இறங்கியவன் நேராக வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் ஜோதி இல்லை, தைக்கப் போயிருந்தாள். போன் சாமி மாடத்தில், விளக்கின் பக்கத்தில் இருந்தது. எடுத்தான். தன் போனில் விற்பனைக்குச் சம்மதம் கொடுத்ததும் அதில் ஓடிபியும் வந்து விழுந்தது. தட்டினால் வேலை முடிந்தது. ஊரையே கிண்டல் செய்த மனுஷன் விளக்கைப் பார்த்தான், ஓடிபியைப் பார்த்தான், போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனான்.

காலையில் ஜோதியே போனை நீட்டினாள். கேட்டவன் பின்வாங்கியிருந்தான். அதன்பின் கிளியைச் சும்மா கொடுத்தால்கூட வாங்க ஆளில்லை.

தன் பிடிவாதத்தால்தான் போயிற்று என்று ஜோதி அழுதாள். பஸ்ஸில் கூட வருகிறவர்களும் அவளைத்தான் குறை சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு அவன் தப்பித்திருக்கலாம். ஆனால் அவள் அழுவது அவனுக்குத் தாங்கவில்லை.

“நீ இன்னா பண்ணுவ? அன்னிக்கு போன் என் கைலதான் இருந்துச்சு. ஓடிபியும் வந்துச்சு. நான்தான் போடல.”

ஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏன் என்று கேட்டாள்.

“வெளக்கு எரிஞ்சிகினு இருந்துச்சு,” என்றான், தலையைத் தூக்காமல்.