டிவியில் மழை சொன்ன வருஷங்கள்

வானிலை ஆபீஸில் எனக்குக் கொடுத்த வேலை வரைபடத்தில் எண்கள் எழுதுவது. ரத்னகிரியில் காற்று எந்தப் பக்கம், வேராவலில் அழுத்தம் எவ்வளவு, நடுக்கடலில் போகும் கப்பல் என்ன மேகத்தைப் பார்த்தது என்று வந்துகொண்டே இருக்கும் செய்திகளை மெல்லிய நிப் பேனாவால் குறிக்க வேண்டும். குறித்து முடித்ததும் அதிகாரி வந்து பென்சிலால் கோடுகளை இழுப்பார். வெறும் எண்கள் கிடந்த தாளில் மெல்ல ஒரு காற்றுச்சுழி தெரிய ஆரம்பிக்கும், அரைத்தூக்கத்தில் யாருடைய முகமோ தெரிவதுபோல. கொலாபாவில் ஜன்னலுக்கு வெளியே கடல் கிடந்தது. ஆனால் எனக்கு அந்தக் காகிதக் கடல்தான் நிஜமாக இருந்தது.

எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். தாராவியில் வாப்பாவுக்குத் தோல் கார்கானா, சின்னப் பட்டறை. கீழே வேலை, மாடியில் சரக்கு, பின்னால் இரண்டு அறைகளில் நாங்கள். வாப்பா என்னைச் சேர்த்தது முனிசிபாலிட்டி மராத்திப் பள்ளியில். பக்கத்தில் இருந்தது அதுதான், வேறு காரணம் இல்லை. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் ஹிந்தி, கணக்கும் கவிதையும் மராத்தி என்று வளர்ந்தேன். தமிழ் எழுதப் படிக்கக் கற்றதெல்லாம் ரொம்பப் பின்னால். மாட்டுங்காவில் காலேஜ் முடித்து இந்த வேலைக்கு வந்தேன்.

தினம் சாயங்காலம் டிவி நிலையத்துக்குப் போய் மராத்தியில் வானிலை சொல்பவர் எங்கள் ஆபீஸ்காரர்தான். அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அவர் குணமாகும் வரை நீ போய் வா என்று என்னை அனுப்பினார்கள். அவர் குணமானார். ஆனால் வெயிலில் அலைய வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டாராம், திரும்பப் போகவில்லை. நான் போய்க்கொண்டே இருந்தேன்.

முதல் நாள் போகும் முன் வாப்பாவிடம் கேட்கத்தான் பயமாக இருந்தது. பொம்பளைப் பிள்ளை டிவியில் வருவதைப் பற்றி ஜமாஅத்தில் யாரோ பேச்செடுத்திருந்தார்கள். வாப்பா ஈரத்தோலைப் பலகையில் இழுத்து ஆணி அடித்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். அப்புறம் நிமிராமலே, "மழை வருதுன்னு சொல்லுததுல என்ன தப்பு இருக்கு?" என்றார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டுதான் வாசிப்பேன் என்று நிலையத்தில் சொன்னேன். அங்கே யாரும் மறுக்கவில்லை. விளக்கு வெளிச்சம் அந்தத் துணியில் பட்டுப் படத்தில் கூசாமல் இருந்தால் சரி என்று கேமராக்காரர் மட்டும் சொன்னார்.

அந்த அறையை இப்போதும் என்னால் முழுசாக நம்ப முடிவதில்லை. வெளியே ஜூலை மாசத்து மழை கொட்டும். உள்ளே துளிச் சத்தம் கிடையாது. ஏசியின் குளிர் காலில், விளக்கின் சூடு கன்னத்தில். ஒரு தகரப் பலகையில் மகாராஷ்டிரா பச்சையாக வரையப்பட்டிருக்கும். தெர்மோகோலில் வெட்டிய மேகங்களுக்குப் பின்னால் காந்தம். கொங்கண் பக்கம் இரண்டு, நாசிக் மேல் ஒன்று, விதர்பாவுக்கு ஒரு சூரியன். நானே ஒட்டுவேன். அதைச் செய்யும்போது ஏதோ சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுக்குள் போய் நிற்பதுபோல் இருக்கும். பேசி முடித்து வெளியே வந்தால் நிஜ மேகம் தலைக்கு மேல் கறுத்து நிற்கும். எது எதைப் பார்த்துச் செய்தது என்று ஒரு நிமிஷம் குழம்பும்.

ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கொங்கண் மேகம் கழன்று விழுந்தது. யோசிக்க நேரமில்லை, கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது. நேரடி ஒளிபரப்பு, நிறுத்த முடியாது. மேகத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே மீனவர்களுக்கான எச்சரிக்கையைப் படித்து முடித்து, அப்புறம் அதை இருந்த இடத்திலேயே ஒட்டினேன். மறுநாள் ரயிலில் லேடீஸ் டப்பாவில் ஒரு மீன்கார அம்மா என்னை உற்றுப் பார்த்து, பக்கத்தில் இருந்தவளிடம் மராத்தியில், மேகத்தைப் பிடித்தவள் இவள்தான் என்று சொன்னாள். உட்கார இடமும் கொடுத்தாள். கொஞ்ச நாளைக்கு ஊர் முழுக்க நான் மேகம் பிடித்தவள்தான்.

உம்மாவுக்கு மராத்தி தெரியாது. கார்கானாவில் தையல் மிஷின்களுக்கு நடுவில் வைத்திருந்த கறுப்பு வெள்ளை டிவி முன்னால் உட்கார்ந்து என் வாயையும் கையையும் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்ததும் கேட்பாள், "ஏளா, இன்னைக்கு என்னத்த சொன்னே?" நான் மறுபடி எல்லாவற்றையும் தமிழில் சொல்வேன். அரபிக்கடல், காற்று, நாளைக்குத் தோல் காயுமா காயாதா. அடுப்புப் புகையும் மீன் குழம்பு வாசனையுமாக, அந்தச் செய்தி டிவியில் சொன்னதைவிட நீளமாக ஓடும். விடிந்ததும் தண்ணீர்க் குழாயடியில் உம்மா அதைச் சந்து முழுக்கப் பரப்பிவிடுவாள். எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சனங்களில் பாதிப்பேர் டிவியை நம்பியதே இல்லை, உம்மாவைத்தான் நம்பினார்கள்.

ஒரு மழைக்காலத்தில் ஒருநாள். காலையிலிருந்தே விடாமல் பெய்தது. நான் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் தண்டவாளம் மூழ்கி ரயில் நின்றுவிட்டது, பஸ்ஸும் இல்லை. அன்று வீடு திரும்ப வழியில்லை என்று தெரிந்துபோனது. கையில் இருந்த அறிக்கையில் எப்போதும்போல, சில இடங்களில் பலத்த மழை என்றுதான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி பெரிய பர்த்தி, அதாவது கடல் ஏறி நிற்கும் நேரம். மேலிருந்து மழை, கீழிருந்து கடல். தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆறு போக இடமில்லாமல் எங்கள் பக்கம்தான் திரும்பும். மதியம் அந்த வரைபடத்தில் எண்களை எழுதியது நான்தான். அழுத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அறிக்கையை மராத்தியில் வாசித்து முடித்தேன். கேமராவின் சிவப்பு விளக்கு இன்னும் அணையவில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால், மிஷின்களுக்கு நடுவில் உம்மா உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. உண்மையாகவே தெரிந்ததுபோல்தான் இருந்தது.

"உம்மா, இன்னைக்கு நான் வீட்டுக்கு வர முடியாது. கடத்தண்ணி ஏறுது, ஓடைத்தண்ணி திரும்பும். கீழ இருக்கவங்க எல்லாரையும் மாடிக்கு ஏத்திருங்க."

தமிழில் சொன்னேன். விளக்கு அணைந்தது. என்ன சொன்னாய் என்று கேமராக்காரர் மெதுவாகக் கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வீடும் தாழ்வான பக்கம்தான், குர்லாவில்.

அங்கே நடந்ததைப் பின்னால் உம்மா சொல்லித்தான் தெரியும். நான் கூப்பிட்டதும் அவள் டிவியைப் பார்த்து, "என்னம்மா?" என்று கேட்டுவிட்டாளாம். தையல்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. வாப்பா எழுந்து மாடிக்குப் போனார். அங்கே பதனிட்டுக் காய்ந்த தோல் கூரை வரை அடுக்கியிருந்தது. ஆள் ஏறினால் தோலுக்கு இடமில்லை. அவர் முதல் தோல் அடுக்கைத் தோளில் தூக்கிக் கீழே இறக்கினார். மற்றவர்களும் இறக்கினார்கள். உம்மா சந்தில் இறங்கிக் கதவு கதவாகத் தட்டினாள். டிவியில் என் மகள் சொன்னாள் என்றாள். சிலர் வந்தார்கள். சிலர், இத்தனை வருஷம் பார்க்காத தண்ணியா என்று கட்டிலில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களும் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் கைக்குழந்தைகளோடு வந்து ஏறினார்கள்.

மறுநாள் இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நடந்து நான் வீட்டுக்கு வந்தபோது, மாடி ஜன்னல் முழுக்க முகங்களாக இருந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கீழே ஒரு வருஷத்து உழைப்பு ஊறி, உப்பி மிதந்துகொண்டிருந்தது. வாப்பா அதை ஒரு கழியால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மேல போயி துணிய மாத்து" என்றார். அந்த நஷ்டத்தைப் பற்றி அவர் அப்போதும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

ஆபீஸில் விளக்கம் கேட்டார்கள். அரசாங்க ஒளிபரப்பில் வீட்டுக்குத் தகவல் சொல்லலாமா என்று கேட்டார் அதிகாரி. தப்புதான் சார் என்றேன். அவர் நல்ல மனுஷன். வேறு யாரும் இல்லாதபோது கதவைச் சாத்திவிட்டு, அன்றைக்குத் தமிழ் தெரியாத நிறையப் பேர் போன் செய்தார்கள், உம்மா என்ற புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று கேட்டார்கள் என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த மழைக்காலம் முடிகிறவரை என்னை டிவிக்கு அனுப்பவில்லை. நான் மறுபடி எண்கள் எழுதினேன். அது தண்டனையாகவே தோன்றவில்லை. தாளில் சுழி எழும்பும்போது பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைத்ததே என்று இருந்தது.

குளிர்காலத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். அப்புறமும் சில வருஷங்கள் சொன்னேன். செயற்கைக்கோள் படம் வந்தது. தகரப் பலகையை எடுத்துவிட்டார்கள். எண்பதுகள் முடியும் தருவாயில் நிலையமே தனியாக ஆள் வைத்துக்கொண்டது. கடைசி நாள் என்று யாரும் அறிவிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாளை வானம் தெளிவாக இருக்கும், மழைக்கு வாய்ப்பில்லை என்று வாசித்தேன். கும்பிட்டேன். வந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து மாஹிமில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தூறல் விழுந்துகொண்டிருந்தது. என்னிடம் குடை இல்லை. கூடவே இறங்கிய ஒரு வயசான மராத்திக்காரர் தன் குடையை விரித்து, பாதியை என் பக்கம் நீட்டினார். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அவர் தன் மொழியில் மெதுவாக, "இன்னைக்கு வராதுன்னு சொன்னீங்களே" என்றார்.

"ஆமாம், சொன்னேன்" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டார். தாராவி முனை வரை கூடவே வந்தார். தெருவிளக்கைச் சுற்றி மழை நூல்நூலாகத் தெரிந்தது.