சந்தீல்வி சாகிபின் நிஜமான விமர்சனம்

லக்னோவில் எந்த உருதுக் கவிதைப் புத்தகம் வந்தாலும் அதற்குப் புரொஃபசர் தௌசீஃப் சந்தீல்வியின் முன்னுரை வேண்டும். அது இல்லாத புத்தகம் காஜி வராத நிக்காஹ் மாதிரி, ஊர் ஒத்துக்கொள்ளாது. நான் இர்தஜா அலி. நக்காஸ் கடைத்தெருவில் குத்ரத்துல்லா சாகிபின் அச்சகத்தில் காதிப் வேலை, அதாவது அச்சுக்குப் போவதையெல்லாம் மஞ்சள் தாளில் நாணல் பேனாவால் எழுதிக் கொடுக்கிறவன். இருபத்திரண்டு வருஷத்தில் புரொஃபசருடைய நூற்று நாற்பது முன்னுரைகளை எழுதியிருக்கிறேன். சரியாகச் சொன்னால், ஒரே முன்னுரையை நூற்று நாற்பது தடவை.

'இவர் குரலில் மரபின் மணமும் இன்றைய மனிதனின் வியர்வையும் கலந்திருக்கின்றன' என்று அதில் ஒரு வரி வரும். தாசில்தார் கவிஞருக்கும் அந்த வியர்வைதான், பல் டாக்டர் கவிஞருக்கும் அதே வியர்வைதான். புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் மூன்று பக்கம், இளைத்திருந்தால் ஒன்றரைப் பக்கம்.

மனிதர் சரக்கில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். வாலிபத்தில் கஜலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அசல் புத்தகம். அட்டையில் 'முதல் பாகம்' என்று போட்டதுதான் தப்பாகிவிட்டது. இரண்டாம் பாகத்தை விசாரித்து வந்தவர்களை முப்பது வருஷமாக டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அதற்குள் துறைத்தலைவர் ஆனார், ஊரிலுள்ள எல்லா விழாக்களுக்கும் தலைவர் ஆனார். அப்புறம் படிக்க ஏது நேரம்?

நானும் கவிதை எழுதுகிறவன். எண்பத்து மூன்றாம் வருஷம் என் கஜல்களைத் தொகுத்தேன். அடுத்தவன் கவிதையையே எழுதித் தேய்ந்த கை இது. அவர் என் கவிதைகளைப் படித்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏங்கிக்கொண்டிருந்தேன். கவிதைத் தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"அட, நம்ம இர்தஜா மியான் புத்தகமா? முன்னுரைதானே, நீங்களே எழுதிடுங்க. என் நடை என்னைவிட உங்களுக்குத்தான் நல்லா வருது. கையெழுத்து மட்டும் நான் போட்டுத் தர்றேன்" என்றார், பீடாவை மடித்துக்கொண்டே.

"சாகிப், கவிதையை ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா..."

"உங்க எழுத்தைத்தான் தினமும் பாக்குறேனே மியான். அதுல என்ன குறை இருக்கப்போவுது?"

மூன்று நாள் உட்கார்ந்தேன். 'மரபின் மணம்' என்று எழுதியதுமே கை நின்றுவிட்டது. அந்தப் பொய்யை எனக்கே நான் எழுத முடியவில்லை. கோபம் வந்தது. அவர் நடையிலேயே மனதில் பட்டதை எழுதினேன்: 'இந்தக் கவிஞர் பிரதி எடுத்தே பழகியவர். தன் துக்கத்தைக்கூட இன்னொருவர் துக்கத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறார். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, சரக்கு இரவல்.' இதைப் பார்த்தால் திடுக்கிடுவார், 'சேச்சே, அப்படியெல்லாம் இல்லை மியான்' என்று கவிதைகளை எடுத்துப் படிப்பார் என்பது என் கணக்கு.

கொண்டுபோய் நீட்டினேன். அவர் நேரே கடைசித் தாளைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். "நல்லா வந்திருக்கு. அரைப் பக்கம் கூடிப்போச்சோ?" என்றார். என்னோடு வந்திருந்த குத்ரத்துல்லா சாகிப் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், "அதுல கொஞ்சம் மாத்தணும்" என்று கெஞ்சினேன்.

"அவர் கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே ஒரு புள்ளியை மாத்தினாலும் நீங்க காதிப் இல்ல. நாளைக்கு எவன் உங்களை நம்பித் தாளைக் கொடுப்பான்?"

அவர் சொன்னது நியாயம். மூலத்தில் கை வைத்த காதிபுக்கு இந்த ஊரில் பிழைப்பில்லை. என்னை நானே கிழித்ததை, என் அழகான எழுத்தில், ஒரு புள்ளி பிசகாமல் எழுதிக் கொடுத்தேன்.

புத்தகம் வந்ததும் ஊர் அமர்க்களப்பட்டது. சந்தீல்வி கடைசியில் உண்மை பேசிவிட்டார் என்று பத்திரிகைகள் அந்த முன்னுரையை எடுத்துப் போட்டன. கல்லூரியில் பாடமாக வைத்தார்கள். என் கவிதைகளை ஒருவரும் சீண்டவில்லை. மறுவருஷம், அஞ்சாத விமர்சனத்துக்காக அவருக்கு ஒரு பரிசு அறிவித்தார்கள்.

விழா மேடையில் அதை வாசிக்கச் சொன்னார்கள். அன்றுதான் அவர் அதை முதன்முதலாகப் படித்தார். பாதியில் குரல் தடுமாறியது. மூன்றாம் வரிசையில் இருந்த என்னை நிமிர்ந்து பார்த்தார். முடித்துவிட்டுக் கைதட்டலுக்கும் நிற்காமல் இறங்கி வந்தார்.

"மியான், இவ்வளவு கடுமையாவா? உங்க புத்தகம் கையில இருக்கா?"

கொடுத்தேன். எல்லோரும் கபாப் தட்டோடு அலைந்துகொண்டிருக்க, அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து படித்தார். அவர் படித்து நான் பார்த்ததில்லை. விரலை வைத்து வரி வரியாகப் போனார். ஒரு கஜலுக்கு இரண்டு தடவை திரும்பி வந்தார். இத்தனை வருஷமாக நான் ஏங்கியது இதற்குத்தானே.

புத்தகத்தை மூடி, என் தோளில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"சரியாத்தான் எழுதியிருக்கேன் மியான்."