திங்கட்கிழமைப் புடவை

என் ஞாபகசக்தியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அலுவலகத்தில் பத்து வருடத்துக்கு முந்தைய ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால், நாற்காலியை விட்டு எழாமலே சொல்வேன். "கம்ப்யூட்டர் எதுக்கு, சார் இருக்காரே" என்பார்கள். நானும் அதை நம்பினேன்.

தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் காலை மின்சார வண்டியில் நானும் மனைவியும் சேர்ந்துதான் புறப்படுவோம். அவள் பெண்கள் பெட்டியில் ஏறுவாள். நான் அதற்குப் பின்பெட்டியில், பிளாட்பாரம் பக்கத்து ஜன்னலைப் பிடிப்பேன். சைதாப்பேட்டையில் அவள் இறங்கிவிடுவாள். அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. வண்டி நகர்ந்து என் ஜன்னல் அவளைக் கடக்கும்போது சாப்பாட்டுப் பையை ஒருமுறை உயர்த்திக் காட்டுவாள். நான் தலையாட்டுவேன். இருபத்திரண்டு வருடம் இதுதான் எங்கள் டாட்டா.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் மதியம், பள்ளியிலேயே அவளுக்கு மாரடைப்பு. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு மிஞ்சியது அந்தக் கடைசிக் காலைதான். லேசான தூறல். பச்சைப் புடவை. பையை உயர்த்திச் சிரித்தாள். அவள் நினைவு நாளை ஒட்டிய ஞாயிறன்று வருடா வருடம் சபையில் எழுந்து இதையே சாட்சியாகச் சொல்வேன். "கடைசியா ஒரு தடவை அவ முகத்தைப் பார்க்க ஆண்டவர் கிருபை செஞ்சார்." வீட்டில் தனியாகச் சாப்பிட உட்காரும்போது அந்தச் சிரிப்பைத்தான் துணைக்கு வைத்துக்கொள்வேன்.

இந்த வருடம் அவளோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் ஆராதனைக்கு வந்திருந்தார். தினமும் அவளுடன் அதே வண்டியில் போய் இறங்கியவர். ஆராதனை முடிந்ததும் டீக் கோப்பையோடு என்னிடம் வந்து தயங்கினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு மிஸ் பச்சைப் புடவை கட்டல. திங்கட்கிழமை சார். எங்களுக்கு யூனிஃபார்ம் புடவை, மெரூன்."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா" என்றேன். குரல் தேவையில்லாமல் உயர்ந்துவிட்டது.

"நானும் கூடத்தானே சார் இறங்கினேன். பையைத் தூக்கிக் காட்டினாங்க. வண்டி போனப்புறம், 'ஜன்னல்ல அவரைக் காணோம், வேற யாரோ இருக்காங்க. காலைல வந்த கோவம் இன்னும் தீரல போல'ன்னு சிரிச்சாங்க."

கோபம் என்றதும் எல்லாம் வந்துவிட்டது. சட்டையை இஸ்திரிக்குக் கொடுக்க மறந்துவிட்டாள் என்று கத்தினேன். "ஒரு விஷயமாவது ஞாபகம் இருக்கா உனக்கு?" என்று கேட்டேன். வண்டியில் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். தூறலும் பச்சைப் புடவையும் வேறு ஏதோ ஒரு நாளுடையவை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து எனக்கு நானே பரிமாறியிருக்கிறேன். சபை நடுவே நின்று நான் சொல்லிவந்தது பொய்ச்சாட்சி.

வெட்கமாக இருக்கிறது. அதைவிட, வீடு முன்னைக் காட்டிலும் காலியாக இருக்கிறது.

இப்போதும் கண்ணை மூடினால் பச்சைப் புடவைதான் வருகிறது. மெரூன் புடவை வருவதேயில்லை. அன்று வீட்டிலும் கோபத்தில் அவளை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை போலிருக்கிறது.

அந்த ஆசிரியையின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை. என் ஜன்னலில் உட்கார்ந்திருந்த அந்த ஆள் யாரோ எவரோ, அவராவது அவளைப் பார்த்துத் தலையாட்டினாரா?