கேக் மேல் நின்ற வள்ளம்

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் கேக் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் கடற்கரையில், மாதா கோயிலில் திருமணப் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தால் கேக் வெட்டாமல் பந்தி போட மாட்டார்கள். வெள்ளையாக இரண்டு தட்டு, உச்சியில் ஒரு ஜோடிப் பொம்மை என்று விட்டிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். இவளுக்குத் தீம் வேண்டுமாம்.

"எக்கா, கேக்கு கடல் மாதிரி இருக்கணும். மேல அப்பாக்க வள்ளம்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா மீன்பிடிக்கப் போன அந்த வள்ளத்தை விற்றுத்தான் இவள் கல்யாணமே நடக்கிறது. நீல உடம்பு, மஞ்சள் பட்டை, விலாவில் எங்கள் இரண்டு பேர் பெயரும் எழுதிய வள்ளம். வாங்கியவன் வந்து கொண்டுபோன நாளிலிருந்து அப்பா அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

"ஒனக்கென்ன கிறுக்கா? வித்தத கேக்குல வச்சு, அத்தன பேரு முன்னால அப்பாவ அழ வைக்கப் போறியா?"

"அழுதா அழட்டும்க்கா. ஒண்ணும் பேசாம இருக்காருல்லா, அதுதான் பயமா இருக்கு. என்னாலதான் வள்ளம் போச்சுண்ணு நெனச்சிக்கிட்டு நான் எப்பிடி அந்த வீட்டுக்குப் போவேன்?"

சரி என்று தலையை ஆட்டித் தொலைத்தேன்.

நாகர்கோவிலில் ஒரு பெரிய பேக்கரிக்குப் போனேன். மூன்று தட்டுக்கு அவர்கள் சொன்ன விலையில் பந்திக்கு மீனே வாங்கிவிடலாம். அதோடு ஆல்பத்தில் காட்டியது ஓலைக்கூரை போட்ட சொகுசுப் படகு. இது எங்கள் வள்ளம் இல்லை என்றேன். "எல்லாம் படகுதானே மேடம்" என்றான் கடைப் பையன். சவத்த விடு என்று பஸ் ஏறிவிட்டேன்.

கடைசியில், இரணியலில் வீட்டிலேயே கேக் செய்யும் ஓர் அக்கா ஒத்துக்கொண்டார். கீழ் இரண்டு தட்டும் தெர்மோகோல், மேலே கிரீம் பூச்சு. உச்சித் தட்டு மட்டும் நிஜக் கேக். வள்ளத்தை நானே செய்துகொண்டுவந்தால் இன்னும் குறைத்துக்கொள்கிறேன் என்றார். அந்த ஆசையில்தான் மாட்டிக்கொண்டேன். சர்க்கரை மாவைப் பிசைந்து செய்த முதல் வள்ளம் காய்ந்ததும் நடுவில் வெடித்தது. இரண்டாவது ஈரக்காற்றில் வியர்த்து, அமுங்கிப் படுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் வேறு எட்டிப் பார்த்து, "கொழுக்கட்டையா?" என்றார். கையில் இருந்த மாவை அவர்மேல் எறியாமல் விட்டது என் பொறுமை. மூன்றாவதை ஃபேனுக்கு அடியில் காயவைத்து, பல்குத்தும் குச்சியால் விலாவில் இரண்டு பெயரையும் எழுதினேன்.

கல்யாணத்தன்று மண்டபத்து மேடையில் அந்த அக்கா மேல்தட்டில் நீலக் கிரீமை அலையலையாக இழுத்தார், கரையில் நின்று பார்த்தால் அலை நம்மை நோக்கி உருண்டு வருமே, அப்படி. பெயர் கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்று வள்ளத்தைப் பக்கவாட்டில் வைத்தேன். போட்டோக்காரரும் நன்றாக இருக்கிறது என்றார்.

அந்த நேரம் பார்த்து அப்பா மேடைக்கு வந்தார். கேக்கைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இதோ இறங்கிப் போகப்போகிறார் என்று நினைத்தேன். தங்கை மாலையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வள்ளத்த இப்பிடி வச்சது ஆரு?"

"நான்தாம்ப்பா."

"ஏட்டி, நீ கடலுக்குப் போறவனுக்க மவளா? அலைக்கு வெலாவக் காட்டியா வள்ளத்த நிறுத்துவாவ? ஒரு அடி அடிச்சா கவுந்துரும்லா!"

சொல்லிக்கொண்டே வள்ளத்தைத் தூக்கி, முனை அலைக்கு நேராக இருக்கும்படி திருப்பி வைத்தார். கிரீமில் நான்கு விரலும் பதிந்தது. என்ன பாடுபட்டுச் செய்தது! எனக்கு வந்த ஆத்திரத்தில் மேடை என்பதே மறந்துபோயிற்று.

"அப்பா! இனி படத்துல பின்பக்கம்தான் விழும். எங்க பேரு தெரியாது!"

"பேரு தெரியாண்டாம்" என்றார், விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே. பிறகு தங்கையைப் பார்த்தார். "நீங்க ரெண்டு புள்ளயளும் கவுந்துராம இருந்தாப் போதும் மக்கா. அதுக்குத்தான வள்ளத்தக் குடுத்தேன்."

அவள் அழுத அழுகையில் காலையிலிருந்து போட்ட மேக்கப் முழுவதும் வழிந்தது. அவளைத் தேற்றி கேக் வெட்ட வைப்பதற்குள் பந்தியில் குழம்பு ஆறிவிட்டது. இன்றைக்கும் ஆல்பத்தைத் திறந்தால் எனக்கு எரிச்சல்தான். எல்லாப் படத்திலும் வள்ளத்தின் பின்பக்கம், பக்கத்தில் நான்கு விரல் தடம். தங்கை அதில் ஒன்றைப் பெரிதாக்கி, புகுந்த வீட்டில் வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறாள்.